எட்டில் அடங்காத மிச்சம்

கண்ணு,

நேற்று உன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, நீ கட்டிலில் உட்கார்ந்து புது வேலையில் என்ன செய்யப் போகிறாய் என்று எனக்கு விளக்கினாய். மழையும் புயலும் எங்கே, எப்போது, எவ்வளவு வரும் என்று கணக்குப் போடும் பெரிய மென்பொருள். அதன் நடுவில் ஓயாமல் ஓடுகிற பகுதியை எடுத்து, புதிய செயலிச் சில்லுகளில் இருக்கும் சிறப்புக் கட்டளைகளைக் கொண்டு திருத்தி எழுதி, பல மடங்கு வேகமாக்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, "நீயும் இதத்தானேம்மா செஞ்சுட்டிருந்த? அப்புறம் எதுக்கு விட்டுப்போட்ட?" என்று கேட்டாய். நான் எழுந்துபோய் அடுப்பில் பாலை வைத்தேன். நீயும் விட்டுவிட்டாய். நாளை மறுநாள் விமானம் ஏறப் போகிறாய். நேரில் சொல்ல ஆரம்பித்தால் உன் அப்பா பாதியில் வந்து பேச்சை மாற்றிவிடுவார், அவருக்கு இந்த விஷயத்தைக் காதில் வாங்கவே பிடிக்காது. அதனால் எழுதிப் பெட்டியில் துணிகளுக்கு மேலே வைக்கிறேன். பகல் வெளிச்சத்தில் படி.

கிணற்றில் விழுந்து கிடந்த ஒரு மனிதரை எங்கள் மென்பொருள் கண்டுபிடித்துக் காப்பாற்றியது என்று அப்போது ஒரு செய்தி வந்தது. நீ கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிது. அதைப் படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினாய், "எங்கம்மா எழுதுனது" என்று. உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் நானும் சும்மா இருந்துவிட்டேன். அந்தச் செய்தியில் அந்த மனிதர் பிழைத்தது உண்மை. மற்றதெல்லாம் அப்படி இல்லை.

தேவராஜ் ஐயாவின் அலுவலகம் உனக்குத் தெரியும். அவிநாசி சாலையில், பம்புசெட் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடி. மில் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர், தலை நரைத்த பிறகு கணினிப் பக்கம் வந்தவர். எங்களுக்கு இருந்த பெரிய வேலை ஒன்றுதான். கோபிசெட்டிபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பழைய மண் அணை இருக்கிறது. அதன் கரையிலும், கரைக்குக் கீழே உள்ள காடு தோட்டங்களிலும் அதிர்வை அளக்கும் சென்சார்களைப் புதைத்து வைத்திருந்தோம். நிலம் ஒருநாளும் அசையாமல் இருப்பதில்லை. பஸ் போனால் அதிரும், காற்றில் தென்னை ஆடினால் அதிரும், வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அதிரும். நம் காலுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஒவ்வொரு சென்சாரின் அதிர்வையும் மற்ற ஒவ்வொன்றின் அதிர்வோடும் பெருக்கிக் கூட்டி ஒப்பிட்டுக்கொண்டே வந்தால், கரைக்குள் எங்காவது நீர் கசிந்து மண் இளகுகிறதா என்று கரை உடைவதற்கு முன்பே சொல்லிவிடலாம். சென்சார்களைப் பார்த்துக்கொண்டவள் மரகதம். பவானிக்காரப் பெண், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள், வெயில் மழை பார்க்காமல் சுற்றுவாள். மென்பொருளை எழுதியது நான்.

எங்களுக்கு இருந்த குறை வேகம். ஒரு நாள் பதிவை ஒப்பிட்டு முடிக்க ஒரு நாளைவிட அதிகம் ஆனது. அப்படியென்றால் என்ன ஆகும்? நாள் போகப்போக நாங்கள் பின்தங்கிக்கொண்டே இருந்தோம். வெளியில் ஐப்பசி மழை கொட்டும், எங்கள் திரையில் புரட்டாசி வெயில் காயும். "கரை ஒடஞ்சு ஊருக்குள்ள தண்ணி போனதுக்கப்புறம், கரை ஒடையப் போவுதுன்னு சொல்றதுக்கு நாம எதுக்குங்க?" என்று தேவராஜ் ஐயா கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

அந்தச் சமயத்தில்தான் காந்திபுரத்துக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் புதுக் கணினியை வாங்கினேன். செயலி இருந்த பெட்டியை நீ டவுன் பஸ்ஸில் யாருக்கும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். நின்றுகொண்டிருந்த ஒருவர், "ஏந்தம்பி, முட்டையா?" என்று கேட்டார். அந்தச் செயலியில் என்ன விசேஷம் என்று வழியெல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். சாதாரணக் கட்டளை ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் பெருக்கும், கூட்டும், பிறகு அடுத்த ஜோடிக்குப் போகும். இந்தச் செயலியில் அகலமான இடங்கள் இருந்தன. எட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிரே இன்னொரு எட்டை வைத்து, ஒரே கட்டளையில் எட்டையும் பெருக்கிக் கூட்டிவிடும். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் மென்பொருளின் உள்பகுதியை அதற்கென்றே கையால் எழுத வேண்டும். இன்று உனக்கு இது ஆனா ஆவன்னா. அன்று எனக்கு அது கனவுமாதிரி இருந்தது. நீ விடுதிக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டதல்லவா, நான் அந்த எட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். எழுதினேன், பழைய பதிவுகளை எடுத்து ஓட்டினேன், பழைய விடையும் புதிய விடையும் ஒத்துப்போயின. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். தேங்கிக் கிடந்த பதிவுகளையெல்லாம் விழுங்கிக்கொண்டே வந்து, ஒரு காலையில் திரையின் ஓரத்தில் இருந்த நேரமும் சுவர்க் கடிகாரத்தின் நேரமும் ஒன்றாகிவிட்டன. எங்கள் மென்பொருள் முதல் முறையாக நிகழ்காலத்துக்கு வந்து சேர்ந்தது. தேவராஜ் ஐயா எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார்.

அந்தக் காலையிலேயேதான் தட்டல் ஆரம்பித்தது.

மரகதம்தான் பார்த்தாள். "அக்கா, இந்தக் கடேசிச் சென்சார்ல பாருங்க. ஆரோ தட்டுற மாதிரி இருக்குதுங்க." மற்ற சென்சார்களின் கோடுகள் எப்போதும்போல நெளிந்துகொண்டிருக்க, கடைசிக் கோட்டில் மட்டும் சீரான இடைவெளியில் ஒரு சிறு குத்து எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. நான், "மோட்டாரா இருக்கும், மரகதம்" என்றேன். "அங்கத்த ஏதுங்க அக்கா மோட்டாரு? கரண்டு லைனே இல்லீங்க. அது உழுகாம சும்மா கெடக்கற காடு" என்றாள். நான் இனிப்பு தின்கிற சந்தோஷத்தில் இருந்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனபோது மரகதம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மென்பொருள் காட்டும் நில அதிர்வைக் காதுக்குக் கேட்கிற அளவுக்கு மாற்றி ஒலியாகக் கேட்பது அவள் வழக்கம். அதைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். முதலில் வெறும் இரைச்சல், தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. அதற்குள் டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். இடைவெளி மாறவில்லை, ஆனால் பலம் மாறியது. பலமாகச் சில, பிறகு லேசாக, பிறகு காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் என்கிற அளவுக்குத் தேய்ந்து, திடீரென்று மறுபடி பலமாக. மூடின கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருவர், கை ஓய்ந்துபோய், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தட்டுவது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இயந்திரமாக இருந்தால் களைப்படையாதே.

"போய்ப் பாத்துபோட்டு வந்தரலாங்க அக்கா" என்றாள் மரகதம்.

அவள் காரிலேயே போனோம். வழியெல்லாம் லேப்டாப் என் மடியில் திறந்தே இருந்தது, அலுவலகத் திரையில் ஓடும் அதே கோடுகளைக் காட்டிக்கொண்டு. கோபி தாண்டுகிறவரை இரண்டு பக்கமும் நெல்லும் வாழையும் பச்சென்று கிடந்தன. அணைக்கரை வளைவில் தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. யாரோ எப்போதோ உழுவதை நிறுத்திய நிலம், ஆள் உயரத்துக்கு வேலிக்காத்தான். உச்சி வெயில். காரை நிறுத்தி இறங்கினோம். கண்ணு, அந்த நிசப்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு குருவி கத்தவில்லை. காற்று இல்லை. லேப்டாப்பைக் காரின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு நான் நின்றேன். மரகதம் சென்சார் புதைத்த இடத்தில் மண்டியிட்டு நிலத்தில் காதை வைத்தாள். நிமிர்ந்து, இல்லை என்று தலையாட்டினாள். என் முன்னால் திரையில் டொக் என்று குத்து எழும்பியது. அவள் மறுபடி காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. திரையில் மறுபடி எழும்பியது. நாங்கள் நின்ற நிலம்தான் அது. எங்கள் காலுக்கடியில் தட்டுவதாகத் திரை சொன்னது, நிலம் வாயே திறக்கவில்லை.

"அக்கா, அங்க பாருங்க" என்றாள். ஒரு முள்ளுச்செடியில் துணிப்பை ஒன்று மாட்டித் தொங்கியது. போய் எடுத்தேன். உள்ளே நீளக் கைப்பிடி வைத்த கரண்டிகள், ஒரு சமையல் துண்டு. பையில் தூசி படிந்திருக்கவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் முள்ளு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதற்கு அப்பால் தரை இல்லை. சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு, செடி மூடிக் கிடந்தது. மரகதம் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, நான் எட்டிப் பார்த்து, "ஏனுங்க! உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினேன். பதில் இல்லை. கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான், அடியில் சேற்றில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. பிறகு ஒரு முகம். கண் திறந்திருந்தது. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

தீயணைப்புத் துறையினர் வந்து கயிறு கட்டி அவரை மேலே தூக்கினார்கள். பெயர் முருகேசன், கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர். ஒரு விசேஷத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்து, ஒரு தோள் இறங்கி, கத்திக் கத்திக் குரலும் போய்விட்டது. செல்போன் சேற்றுக்குள். நேராக அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள், தேடவில்லை. இன்னும் ஒரு ராத்திரி அங்கே கிடந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியபோது மரகதம் அழுதாள். நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனேன்.

திரையில் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஆம்புலன்ஸ் சாலையில் ஏறி மறைந்துவிட்டது. கிணறு காலி. அந்தக் கோட்டில், அதே இடைவெளியில், டொக். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மரகதமும் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் மூடியைச் சாத்தினேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். முருகேசனுக்குக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எப்படீங்க தட்டுனீங்க? கல்ல வச்சுங்களா?" என்று அவரிடம் கேட்டேன். அவர் விழித்தார். "நான் எங்கீங்க அம்மணி தட்டுனேன்? கை ரெண்டும் சேத்துக்குள்ள. கத்துனதுதான்" என்றார். எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டேன். நாங்கள் அவரை எடுத்ததற்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரம் என்றார். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது. மரகதம் அந்தத் தட்டலை முதலில் எனக்குக் காட்டியது அந்த முந்தின நாள் காலையில். அவர் விழுவதற்கு முன்பே, அவர் எங்கோ ஒரு கல்யாண வீட்டில் சாம்பார் கலக்கிக்கொண்டிருந்தபோதே, அவர் விழப்போகிற இடத்தில் அது தட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பம்பு சோதிக்கும் வேலையிலேயே இத்தனை வருஷம் இருந்தவர், மிரள்கிறவர் இல்லை. "ஏம்புள்ள, அந்தாளு தட்டலீன்னா ஒன்ற புரோகிராம்தான் தட்டியிருக்குது. போய் அதப் பாரு" என்றார். எனக்கும் அது பட்டது. எல்லோரும் சந்தோஷத்தில் இருந்தபோது நான் ஒருத்தி மட்டும் என் நிரலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதே பதிவைப் பழைய, மெதுவான நிரலில் ஓட்டினேன். தட்டல் இல்லை. புதியதில் ஓட்டினேன். டொக்.

பிழை சின்னது, கண்ணு. கேட்டால் சிரிப்பாய், ஏனென்றால் நீயும் ஒருநாள் இதைச் செய்வாய். செயலி எட்டெட்டாகத்தான் எடுக்கும். பதிவுகள் துண்டு துண்டாக வரும். மற்றச் சென்சார்களின் பதிவுப்பெட்டிகள் அனுப்பிய துண்டுகள் எட்டால் மிச்சமில்லாமல் வகுபடும் நீளம். கடைசிச் சென்சாரில் மட்டும், இடி விழுந்து பழைய பதிவுப்பெட்டி எரிந்துபோனதால், தட்டல் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்புதான் மரகதம் வேறு பெட்டி மாட்டியிருந்தாள். அதன் துண்டுகள் எட்டால் வகுபடாது, கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தை எடுக்கும்போதும் செயலி எட்டு இடத்தையும் எடுத்துக்கொண்டது. காலியாக இருக்க வேண்டிய இடங்களை நான் துடைக்கவில்லை. அங்கே, சற்று முன்பு கணக்கிட்ட வேறொரு சென்சாரின் எண்கள் அப்படியே கிடந்தன. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அந்நியமான எண்கள் சில உள்ளே புகுந்தன. அதுதான் டொக். அந்த வேறொரு சென்சார் இருந்தது அணைக்கரை வளைவில், பஸ்கள் பிரேக் போடும் இடத்தில். வண்டி போனால் பலமான தட்டல், சாலை காலியானால் லேசான தட்டல். நான் காதில் கேட்டு நடுங்கிய அந்தக் கை ஓய்ச்சல், மூச்சு வாங்கல் எல்லாம் பஸ் போக்குவரத்து. வேகத்தின் போதையில் நான் சோதித்த பதிவுகள் எல்லாம் எட்டால் வகுபடுகிறவை. அதனால் எனக்குத் தெரியவில்லை.

துடைக்கும் வரியைச் சேர்த்துவிட்டு ஓட்டினேன். கோடு சாதுவாகிவிட்டது. முருகேசன் அந்தச் சேற்றில் கிடந்த நேரத்துப் பதிவை எடுத்துப் பார்த்தேன். அவர் அங்கே இருக்கிறார், மூச்சு விடுகிறார், கத்துகிறார். சரியான மென்பொருளுக்கு அவர் இருப்பதே தெரியவில்லை. வெறும் நிலம். ஒரு மனிதரின் வாயை நானே பொத்திவிட்ட மாதிரி இருந்தது.

தேவராஜ் ஐயா அதற்குள் வெகுதூரம் போயிருந்தார். மண் சரிவிலும் சுரங்கத்திலும் சிக்கியவர்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று அதைக் காட்ட, வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைத்திருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"பிழை பிழைன்னு ஏனுங்க சொல்றீங்க? ஒரு உசுரு பொழச்சிருக்குதுங்க, அம்மணி."

"அவரு பொழச்சது நம்ம அதிர்ஷ்டமுங்க. அது அவரக் கேட்டுத் தட்டலீங்க."

"இருக்கட்டுமுங்க. கண்டுபிடிச்சமா இல்லீங்களா?"

"நாளைக்கு ஒரு சொரங்கத்துல இத வைப்பாங்க. ஆளே இல்லாத எடத்துல இது தட்டும். அங்க போய்த் தோண்டுவாங்க. ஆளு கெடக்கற எடத்துல ஒரு சத்தமும் வராதுங்க. அவங்க செத்துப்போவாங்க."

அவர் திரும்பவே இல்லை. வந்தவர்களிடம் என்ன சொல்லி அனுப்பினாரோ தெரியாது, அந்தச் செயல்விளக்கம் நடக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் வெகுநாள் என்னிடம் அவர் பேசவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும், ஊரே கொண்டாடுகிற ஒன்றைப் பொய் என்று சொன்னவளுக்குக் கிடைக்கும் தனிமை இருக்கிறதே, அதற்கு நீ பழகிக்கொள்ள வேண்டும். உன் வேலையில் அது வரும். பிழை நமக்குக் கெடுதல் செய்தால் எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள். நல்லது செய்தால் நீ ஒருவன்தான் தேட வேண்டும்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் அந்த வேலையை விட்டிருக்க மாட்டேன்.

கால் கூடிய பிறகு ஒருநாள் முற்பகலில், ஊன்றுகோலோடு முருகேசன் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு தூக்குப்போசி நிறைய, பூரணம் வைத்த ஒப்புட்டு அவரே சுட்டு எடுத்துவந்திருந்தார். "என்னையக் கண்டுபுடிச்ச மிசினக் காட்டுங்க அம்மணி, கும்புட்டுட்டுப் போறேன்" என்றார். எனக்கு அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. மரகதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்குப் புரிகிற மாதிரி யோசித்து யோசித்துச் சொன்னேன். "பந்தியில எட்டு எட்டு எலையாத்தான் போடுவோமுன்னு வச்சுக்கங்க. கடேசிப் பந்திக்கு மூணு பேருதான் மிச்சம். அப்பவும் எட்டு எலைக்கும் பரிமாறிப்போட்டமுங்க. ஆளில்லாத எலையில முந்தின பந்தியில ஆரோ சாப்பிட்டது அப்படியே கெடந்துச்சு. அதையும் கணக்குல சேத்துட்டமுங்க. அந்தச் சத்தம் நீங்க இல்லீங்க."

அவர் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "எச்செலை எடுக்காம அடுத்த பந்திக்கு ஆளக் கூப்புட்டுட்டீங்க! எங்க தொழில்ல செஞ்சா ஒதைப்பாங்க" என்றார். நாங்களும் சிரித்தோம். எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஒப்புட்டை எடுத்து ஒரு வாய் வைத்தேன்.

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. "ஆனா அம்மணி, சத்தம் எனக்குங் கேட்டுச்சுங்களே" என்றார்.

கிணத்துக்குள்ளேயா என்று மரகதம் கேட்டாள்.

"இல்லீங்க. உழுகறதுக்கு முன்னாடி. பஸ்ஸ உட்டு எறங்கி ரோட்டோரமாத்தான் வந்துட்டிருந்தேன். காட்டுக்குள்ள இருந்து டொக்கு டொக்குன்னு சத்தம். அகப்பைய அண்டா விளிம்புல தட்டுவோமில்லீங்க, அந்த மாதிரி. ஆரோ கெடா வெட்டிச் சமைக்கறாங்களாட்ட இருக்குது, நம்ம ஆளுக ஆராச்சும் இருப்பாங்கன்னுதான் அந்தப் பக்கம் திரும்புனேன். இல்லாட்டி எனக்கு அந்த முள்ளுக்காட்டுல என்னங்க சோலி? கிட்டப் போகப் போக, சத்தம் காலுக்கடியில இருந்து வருது. என்னடா இதுன்னு ஒரு எட்டு வச்சேன். அவ்வளவுதானுங்க."

"உள்ள விழுந்ததுக்கப்புறம்?" என்றேன்.

"உழுந்ததோட நின்னுபோச்சுங்க" என்றார். பிறகு, எந்த மாதிரி என்று காட்டுவதற்காக, விரல் முட்டியால் என் மேசையில் தட்டினார். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். மரகதம் எழுந்து வெளியே போய்விட்டாள். அந்தப் பதிவை அவருக்கு யாரும் போட்டுக் காட்டியதில்லை. அந்த இடைவெளியை எங்கள் இரண்டு பேருடைய காதும் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லும்.

எனக்குத் தெரிந்த காரணமெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எங்காவது யாராவது கல் உடைத்திருக்கலாம். மரங்கொத்தியாக இருக்கலாம். களைத்துப்போன மனிதர், காதுக்குள் அவருடைய நாடியே கேட்டிருக்கலாம். நாங்கள் தட்டல் தட்டல் என்று ஆஸ்பத்திரியில் பேசியதைக் கேட்டுவிட்டு, மனசு தானாகவே அப்படி ஒரு ஞாபகத்தை உண்டாக்கியிருக்கலாம். இவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நான் எழுதியதில் எங்கே எந்த எண் எப்படி உள்ளே நுழைந்தது என்று கடைசி இடம்வரை எனக்குத் தெரியும். அது அவிநாசி சாலை மாடியில், ஒரு பெட்டிக்குள், சில்லுக்குள் இருந்த எண். அது நிலத்துக்குப் போகவில்லை, போகவும் முடியாது. ஆனால் நான் மறுபடி அந்த எட்டு இடங்களைத் திறந்து எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஒரு கேள்வி வந்து கை நின்றுவிடும். அது அவரைக் காட்டிக்கொடுத்ததா, அவரைக் கூப்பிட்டதா?

முருகேசன் சொன்னதை மரகதம்தான் தேவராஜ் ஐயாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அவர் என் மேசைக்கு வந்து, அத்தனை நாளுக்குப் பிறகு வாய் திறந்தார். "மொதல்ல அந்தக் கெணத்த மூடோணுமுங்க" என்றார், அவ்வளவுதான். நிலத்துக்காரரை அவரே தேடிப் பிடித்துச் சம்மதிக்க வைத்தார். டிப்பர் வண்டிகளில் மண் கொண்டுவந்து நிரப்பியபோது நாங்கள் எல்லோரும் போய் நின்றோம். தரை மட்டத்துக்கு மண் வந்ததும் முருகேசன் ஊன்றுகோலால் அதன்மேல் அழுத்திப் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனார். இப்போதும் சமையலுக்குப் போகிறார். பெரிய முகூர்த்தம் என்றால் அவர் பெயரைத்தான் நான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நான் சரிபார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டேன். மற்றவர்கள் வேகமாக எழுதுவதை, மெதுவாக எழுதி ஒப்பிட்டுப் பார்க்கிறவள். உன்னை அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போ. நன்றாகச் செய். மழை வருவதற்கு முன்பே மழை வரும் என்று சொல்ல வேகம் வேண்டும், அந்த வேகத்தில் உயிர்கள் இருக்கின்றன. ஆனால் அகலமான இடத்தை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மிச்சத்தைத் துடைத்துவிட்டு எடு. பழைய மெதுவான நிரலைத் தூக்கி எறியாதே, பக்கத்திலேயே ஓடவிடு. இரண்டும் வேறு வேறு சொன்னால், உனக்குப் பிடித்ததை நம்பாதே. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, கண் எரியும்வரை திரையைப் பார்க்காதே. அங்கே குளிர் என்கிறார்கள், கம்பளிச் சட்டையை அடியில் வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, உன் அப்பாவுக்கும் மரகதத்துக்கும் தவிர யாருக்கும் தெரியாது. விடுமுறைக்குத் திரும்பி வரும்போது, எந்த நேரத்தில் வந்தாலும் சரி, கதவைத் தட்டாதே, கண்ணு. வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிடு. உன் குரல் கேட்டால்தான் நான் திறப்பேன்.

உன் அம்மா